அணைப்பதா, எரிப்பதா, வெட்டுவதா: பாண்டெரோசா பைன் காட்டின் கார்பன் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரைச் சுற்றித் தொடங்கி நியூ மெக்சிகோ எல்லையைத் தாண்டியும் பாண்டெரோசா பைன் காடு விடாமல் நீள்கிறது. இந்தக் காட்டை என்ன செய்வது என்ற சண்டை அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. முன்பெல்லாம் அது மரக்கட்டை, மேய்ச்சல், வீடுகளின் பாதுகாப்பு பற்றிய சண்டை. இப்போது, காற்றில் கரியமில வாயுவாகச் சேர்ந்து புவியைச் சூடாக்கும் கார்பனும் அதில் சேர்ந்துகொண்டது.

கார்பன் பக்கமிருந்து பார்த்தால் விடை எளிதாகத் தெரியும். தீயை அணைத்துக்கொண்டே இருந்தால் மரம் வளரும், கார்பன் காட்டிலேயே சேரும். நாமே தீ வைத்தால் அது புகையாகப் போகும். மரத்தை வெட்டி வெளியே எடுத்தாலும் போகும். அப்படியானால் அணைப்பதுதானே நல்லது?

இல்லை என்பது என் முடிவு. பாண்டெரோசா காட்டைப் பொறுத்தவரை, சிறு மரங்களைக் களைந்துவிட்டு, பிறகு தரையில் மிதமாகத் தீ வைப்பதே இருக்கிற வழிகளில் சிறந்தது. ஆனால் அதை எல்லா இடத்திலும் செய்யக் கூடாது, அதுவும் "தீ வைத்தால் கார்பன் மிச்சமாகும்" என்று சொல்லி ஒருபோதும் விற்கக் கூடாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வயதான பாண்டெரோசாவின் பட்டை ஆரஞ்சு கலந்த மஞ்சள். தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் வளைந்து நெளிந்த ஓரங்களோடு சில்லுகளாகக் கழன்று வரும். வெயில் ஏறிய நேரத்தில் பட்டை இடுக்கில் மூக்கை வைத்தால் வனிலா வாசம் அடிக்கும். அடிமரத்தில் பட்டை பல சென்டிமீட்டர் தடிமன். வளர வளரக் கீழ்க்கிளைகளை உதிர்த்துவிடுவதால் முதல் கிளையே ஆள் உயரத்துக்கு மிக மேலே இருக்கும். ஊசி இலைகள் மும்மூன்றாகக் கொத்துக் கட்டி, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வளரும். உதிர்ந்தால் நெருக்கமாகப் படியாது, காற்று புகும்படி மெத்தை மெத்தையாகக் கிடக்கும். சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும். தடித்த பட்டை, உயரமான கிளை, எளிதில் பற்றும் சருகு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அடிக்கடி வரும் சிறு தீயோடு வாழ்வதற்கென்றே உருவான மரம் இது என்பது புரியும்.

அது வெறும் ஊகமல்ல. பழைய மரங்களின் அடியில் முக்கோண வடிவத்தில் கருகிய குழி இருக்கும். ஒவ்வொரு தீயும் அந்தக் குழியின் விளிம்பில் ஒரு தழும்பை விட்டுச் செல்லும். அடுத்த ஆண்டுகளின் வளையங்கள் அதை மூடப் பார்க்கும். அரிசோனாவின் டூசான் நகரில் 1937இல் தொடங்கிய மரவளைய ஆய்வகமும் அதன் வழிவந்தவர்களும் இந்தத் தழும்புகளை எண்ணி, பல இடங்களில் 2 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை தரைத்தீ வந்துபோனதைக் காட்டியிருக்கிறார்கள். இந்த வரிசை 1880களை ஒட்டிச் சட்டென்று நின்றுவிடுகிறது. தீயணைப்புத் துறை வந்து நிறுத்தவில்லை. 1882இல் ரயில் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வந்தது. அதோடு ஆடும் மாடும் மந்தை மந்தையாக வந்தன. தீயைக் கடத்திச் சென்ற புல்லை அவை மேய்ந்து தீர்த்தன. பூர்வகுடிகள் தங்கள் நிலங்களிலிருந்து அகற்றப்பட்டதால் அவர்கள் வைத்துவந்த தீயும் நின்றது.

அப்புறம்தான் அரசு வந்தது. 1910இல் ஐடஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிதாகப் பிறந்திருந்த அமெரிக்க வனத்துறை அந்த அடியை மறக்கவில்லை. எங்கே தீ தென்பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935இல் விதியே போட்டார்கள். அரிசோனாவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1918இல் விதை அமோகமாக விளைந்தது, 1919இல் நல்ல ஈரம். முளைத்த கன்றுகளைக் கொல்லத் தீ இல்லை. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு அருகே ஃபோர்ட் வேலியில், 1908இல் தொடங்கிய வன ஆய்வு நிலையத்தின் ஒரு பகுதியில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1876இல் ஹெக்டேருக்கு 60 மரம்கூட இல்லாத இடத்தில் 1990களின் தொடக்கத்தில் 3,000க்கு மேல் நின்றன. பெரும்பாலும் கைக்குள் அடங்கும் தண்டு, சூரியனுக்குப் போட்டிபோட்டு மெலிந்து நீண்டவை.

தீ உண்மையில் எதை எரிக்கிறது

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். 1 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு. இதை வைத்துக்கொண்டு "இத்தனை ஏக்கர் எரிந்தது, இத்தனை கோடி டன் போயிற்று" என்று பெருக்கிச் சொல்வது எளிது. அப்படிப் பெருக்கும்போது பலர் காட்டில் நிற்கும் மரம் முழுவதும் எரிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில்தான் கணக்கு கெட்டுப்போகிறது.

தரையோடு ஊரும் தீயை முதலில் எடுத்துக்கொள்வோம். சுடர் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு. அது தின்பது ஊசிச் சருகு, புல், சுள்ளி, சருகுக்கு அடியில் பாதி மட்கிக் கிடக்கும் அடுக்கின் ஒரு பகுதி, சில கன்றுகள். பெரிய மரத்தின் பட்டை கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். இந்தச் சருகும் எப்படியும் மட்கிக் காற்றில் போக வேண்டியதுதான். வறண்ட அரிசோனாவில் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், தீ அதை ஒரே மதியத்தில் முடித்துவிடுகிறது. மரங்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதே அளவு ஊசியை மறுபடி உதிர்த்துவிடும். எரிந்ததில் சிறு பகுதி கரித்துண்டாக மண்ணில் தங்கும். மண்ணில் கலந்த கரி சருகைவிட மிக மெதுவாகவே சிதையும், சில வேளை நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும்.

இப்போது மர உச்சிகள் வழியாகப் பாயும் தீ. காலையில் பச்சையாக இருந்த மலை மாலையில் கறுப்பாக நிற்கிறது. ஆனால் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஊசிகளும் மெல்லிய கிளைகளும் போயிருக்கும், தரையில் சருகு அடுக்கு முழுதும் போயிருக்கும். உயிரோடிருந்த பெரிய மரத்தின் தண்டில் எரிந்தது சில விழுக்காடு மட்டுமே. மீதி கார்பன் அங்கேயே செத்த மரமாக நிற்கிறது. அப்படியென்றால் உச்சித்தீ அவ்வளவு மோசமில்லையே என்று தோன்றும். தீ எரிந்த நாளில் போனது முதல் தவணைதான். செத்த மரங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் சாய்ந்து, மட்கி, மீதித் தவணைகளைக் கட்டிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் கார்பனை உள்ளே இழுக்க வேண்டிய பச்சை இலைகள் அங்கே கிடையாது.

இதை ஃபிளாக்ஸ்டாஃபில் கோபுரம் நட்டு அளந்திருக்கிறார்கள். 1996இல் உச்சித்தீயில் முழுதும் எரிந்த ஒரு காட்டையும், எரியாத ஒரு பாண்டெரோசா காட்டையும் எடுத்துக்கொண்டு, காற்றில் ஏறி இறங்கும் கரியமில வாயுவை ஆண்டு முழுவதும் பதிவு செய்தார்கள். எரிந்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தன. எரியாத காடு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 164 கிராம் கார்பனை உள்வாங்கியது. எரிந்த இடம் சுமார் 109 கிராமை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஹெக்டேர் கணக்கில் சொன்னால் ஒன்று 1.6 டன் வரவு, மற்றது 1.1 டன் செலவு. தீ அணைந்து 10 ஆண்டு கழித்தும் இந்த நிலை.

இதைவிடக் கவலை தருவது, காடு திரும்பி வருமா என்பது. பைன் என்றாலே நெருப்பில் வெடித்து விதை தூவும் காய் என்று நினைப்பவர்கள் உண்டு. லாட்ஜ்போல் பைனில் அப்படிப்பட்ட காய்கள் இருக்கின்றன. பிசினால் ஒட்டிக்கிடக்கும் காய் சூடு பட்டதும் திறக்கும். பாண்டெரோசாவுக்கு அது கிடையாது. அதன் விதை கனமானது, பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து ஒருசில நூறு அடிகளுக்குள் விழுந்துவிடும். அக்கம்பக்கத்தில் ஒரு தாய்மரம்கூட மிஞ்சாமல் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தால் விதை எங்கிருந்து வரும்? நியூ மெக்சிகோவில் 2011இல் லாஸ் கான்சஸ் தீ, முதல் 14 மணி நேரத்திலேயே சுமார் 43,000 ஏக்கரைக் கடந்து ஓடியது. மொத்தம் 1.5 லட்சம் ஏக்கருக்கு மேல். அதன் நடுவில் பல இடங்களில் இன்று பைன் இல்லை. குட்டை ஓக்கும் முட்செடியும் புல்லும்தான். அந்த மலைக்கு முன்பிருந்த கார்பன் இருப்பு இனி வராமலே போகலாம். போதாக்குறைக்கு, அந்தக் கோடையில் மழை பெய்தபோது சாம்பலும் மேல்மண்ணும் ரியோ கிராண்டே ஆற்றில் கரைந்து ஓடி, ஆல்புகெர்க்கி நகரம் கொஞ்ச காலம் ஆற்று நீரை எடுப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. மண்ணோடு போன கார்பனையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆகவே "எவ்வளவு கார்பன்" என்று மட்டும் கேட்டால் தவறான விடைதான் கிடைக்கும். எந்த மரத்தில் இருக்கிறது, அடுத்த தீயில் அது தாக்குப்பிடிக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 3,000 ஒல்லி மரங்களில் இருக்கும் கார்பனும், தடித்த பட்டையுள்ள 100 பெரிய மரங்களில் இருக்கும் கார்பனும் தராசில் சமமாக நிற்கலாம். தீ வந்தால் சமமாக நிற்காது.

இருக்கிற வழிகள்

முதல் வழி, இப்போதுபோலவே எல்லாத் தீயையும் அணைப்பது. இதன் பக்கம் நியாயம் இருக்கிறது. தீ வராதவரை இந்த நெருக்கமான காடு கார்பனை உள்வாங்கிக்கொண்டுதான் இருக்கும். மேலே சொன்ன 164 கிராம் அப்படிப்பட்ட ஒரு காட்டின் கணக்குதான். அங்கும் ஒரு சந்தேகம் உண்டு. கலிபோர்னியாவின் நடுமலைக் காடுகளில் 1930களிலும் 1990களிலும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மரங்களின் எண்ணிக்கை ஏறியும் மொத்தக் கார்பன் குறைந்திருந்ததைக் கண்டது. நெருக்கத்தால் பெரிய மரங்கள் செத்துவிட்டன. அந்த இழப்பைச் சிறு மரங்களால் ஈடுகட்ட முடியவில்லை.

ஆனால் அணைப்பதன் பெரிய குறை வேறு. அமெரிக்காவில் பற்றும் காட்டுத்தீக்களில் நூற்றுக்கு 97, 98 வரை ஆரம்பத்திலேயே அணைக்கப்பட்டுவிடுகின்றன. எரியும் பரப்பில் பெரும்பகுதி மீதி இரண்டு, மூன்று தீக்களில்தான். எவை தப்புகின்றன? கடும் வறட்சியில், பெருங்காற்றில், யாராலும் நெருங்க முடியாத நாளில் பற்றுபவை. மிதமான நாளில் தரையோடு ஊர்ந்து சருகைத் தின்றிருக்கக்கூடிய நல்ல தீயைத் தேடித் தேடி அணைத்துவிடுகிறோம். மோசமான தீ மட்டும் காட்டுக்கு மிஞ்சுகிறது. 2002இல் அரிசோனாவில் ரோடியோ, செடிஸ்கி என்ற இரு தீக்கள் சேர்ந்து 4.68 லட்சம் ஏக்கர். 2011இல் வாலோ தீ, யாரோ விட்டுச்சென்ற முகாம் நெருப்பில் தொடங்கி 5.38 லட்சம் ஏக்கர். அணைப்பதால் கார்பனைச் சேமிப்பதாக நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்னலில் பற்றும் தீயைக் கண்காணித்துக்கொண்டே எரியவிடுவது. நியூ மெக்சிகோவின் கிலா காட்டுப் பகுதியில் 1970களிலிருந்து இப்படிச் செய்துவருகிறார்கள். 1924இலேயே பாதுகாக்கப்பட்ட பெரும் நிலப்பரப்பு, உள்ளே சாலையும் வீடும் கிடையாது. மீண்டும் மீண்டும் எரிந்த பகுதிகளில் காடு இடைவெளி விட்டு நிற்கிறது, புதிய தீ வந்தாலும் பெரும்பாலும் தரையிலேயே போகிறது. ஏக்கருக்கு ஆகும் செலவில் இதைவிட மலிவான வழி கிடையாது. இடம் பெரிதாக, ஆள் இல்லாததாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 2025 ஜூலை 4 அன்று கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பில் மின்னலில் பற்றிய டிராகன் பிராவோ தீயை முதலில் வளைத்துக் கட்டுப்படுத்தும் முறையில்தான் கையாண்டார்கள். சில நாளில் காற்று மாறியது; வரலாற்றுப் புகழ்பெற்ற தங்கும் விடுதி சாம்பலானது, கடைசியில் சுமார் 1.45 லட்சம் ஏக்கர் எரிந்தது. இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு எந்த அதிகாரி கையெழுத்துப் போட முன்வருவார்? அந்தத் தயக்கத்தையும் இந்த வழியின் விலையில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நாமே திட்டமிட்டுத் தீ வைப்பது. இந்த யோசனை புதிதல்ல. பூர்வகுடி விவகாரத் துறையின் வன அலுவலர் ஹெரால்ட் வீவர், பாண்டெரோசாவுக்குத் தீ தேவை என்று 1943இலேயே எழுதினார். காட்டில் கரடி தொப்பி போட்டுக்கொண்டு "தீயைத் தடுங்கள்" என்று சொல்லும் விளம்பரம் மறு ஆண்டு, 1944இல் வந்தது. யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லத் தேவையில்லை.

கார்பன் கணக்கில் திட்டமிட்ட தீயின் செலவு குறைவு. சருகும் மட்கும் போகும். பெரும்பகுதி சில ஆண்டுகளில் திரும்பிவிடும். ஆனால் நூறு ஆண்டுகள் எரியாத காட்டில் முதல் தீ தனிச் சிக்கல். பழைய மரத்தின் அடியைச் சுற்றி ஊசியும் பட்டைச் சில்லும் முழங்கால் ஆழத்துக்குக் குவிந்திருக்கும். அது சுடர் விட்டு எரியாது. மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கனலும். பட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் உள்ளே உயிர்ப்படலம் வெந்துவிடும், மேலாக ஓடும் மெல்லிய வேர்களும் போகும். மரம் பச்சையாகவே நின்று, ஓரிரு ஆண்டு கழித்துச் சாகும். ஃபோர்ட் வேலியில் சிம்னி ஸ்பிரிங் என்ற இடத்தில் 1976இல் தொடங்கிய தொடர் எரிப்புச் சோதனையில் இதை நேரில் பார்த்தார்கள். காப்பாற்ற நினைத்த கிழமரங்களில் சிலவற்றை முதல் எரிப்பே கொன்றது. ஒழிக்க நினைத்த சிறு மரக்கூட்டமோ பெரிதாகக் குறையவில்லை. அதனால்தான் இப்போது எரிக்கும் முன் ஆட்கள் சருகு வாரும் கருவியோடு போய் ஒவ்வொரு பெரிய மரத்தின் அடியையும் துப்புரவாக வாரிவிடுகிறார்கள். ஆள்கூலி அதிகம், ஆனால் 300 ஆண்டு மரம் ஒன்றில் அடைந்திருக்கும் கார்பனோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

தீ கைமீறும் அபாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2000 மே மாதம் வைத்த திட்டத்தீ செரோ கிராண்டே பெருந்தீயாகி, லாஸ் அலாமோஸில் 400க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளைத் தின்றது. 2022இல் நியூ மெக்சிகோ வரலாற்றிலேயே மிகப்பெரிய தீ, 3.41 லட்சம் ஏக்கர், வனத்துறையே வைத்த இரண்டு தீக்களிலிருந்து பிறந்தது. ஒன்று ஏப்ரல் 6 அன்று காற்றில் கைமீறியது. மற்றது ஜனவரியில் குவித்து எரித்த மரக்கழிவு. பனிக்கு அடியில் மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து, ஏப்ரல் காற்றில் எழுந்தது. அதன்பின் அப்போதைய வனத்துறைத் தலைவர் ராண்டி மூர் நாடு முழுக்க 90 நாள் திட்டத்தீயை நிறுத்திவைத்தார். அவரே அப்போது சொன்னது: ஆண்டுக்குச் சராசரியாக 4,500 திட்டத்தீக்கள், அவற்றில் 99.84 விழுக்காடு திட்டப்படியே முடிகின்றன. எண் உண்மைதான். வீடிழந்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான்.

நான்காவது, சிறு மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பது. இது கையில் பிடித்த வேலை. எந்த மரம் போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பெயின்ட் அடித்துக் குறித்துவிடலாம், காற்றும் வெப்பமும் முடிவு செய்யாது. கார்பன் செலவு இதில்தான் கண்ணெதிரே தெரிகிறது, ஏனென்றால் உயிருள்ள தண்டையே வெளியே எடுக்கிறோம். அந்தக் கட்டை எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டு உத்தரமானால் பல பத்தாண்டு தாங்கும். மின்நிலையத்தில் எரித்தால் உடனே புகை, பதிலுக்குக் கொஞ்சம் மின்சாரம். குவித்துக் காட்டிலேயே எரித்தால் எதுவும் மிச்சமில்லை. கைக்குள் அடங்கும் மரத்தை வாங்க ஆள் கிடையாது. வடக்கு அரிசோனாவின் நான்கு தேசிய வனங்களில் 24 லட்சம் ஏக்கரைச் சீரமைக்க எடுத்த பெருந்திட்டம் நினைத்த வேகத்தில் நகராததற்கு அதுவே பெரிய காரணம். சரி, வெட்டிவிட்டுக் கிளைகளை அங்கேயே போட்டுவிட்டுப் போனால்? உச்சியில் இருந்த எரிபொருளைத் தரைக்கு மாற்றியதுதான் மிச்சம். வெட்டி எரிக்காமல் விடுவதை நான் ஒரு தனி வழியாகவே எண்ணுவதில்லை, பாதி வேலை.

ஆகவே ஐந்தாவது, களைந்துவிட்டு எரிப்பது. தீயணைப்பு ஆட்கள் "ஏணி" என்று சொல்லும் இடைநிலை மரங்கள் போய்விட்டால் தரைத்தீக்கு உச்சிக்கு ஏற வழி இருக்காது. 2011 வாலோ தீ ஆல்பைன் என்ற சிற்றூரை நோக்கி உச்சி வழியாக வந்தபோது, முன்பே களைந்து வைத்திருந்த காட்டுப் பகுதியில் நுழைந்ததும் தரைக்கு இறங்கியது. ஆட்களால் நெருங்கி அணைக்க முடிந்தது. 2021இல் ஒரிகானில் 4.13 லட்சம் ஏக்கர் எரித்த பூட்லெக் தீ, சைகன் சதுப்பு நிலத்தை ஒட்டிய காட்டுக்குள் வந்தபோதும் இதே கதை. அங்கே சில துண்டுகள் களைந்து எரித்தவை, சில களைந்தது மட்டும், சில தொடாதவை. களைந்து எரித்தவையே நன்றாகத் தப்பின. கார்பன் செலவு உடனடியாக இருக்கிறது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அதே ஃபிளாக்ஸ்டாஃப் கோபுர ஆய்வில் அளந்த, நெருக்கம் குறைத்த இன்னொரு காடு சில ஆண்டுகளிலேயே மீண்டது. மிஞ்சிய மரங்களுக்கு நீரும் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைத்ததால் வறட்சியையும் நன்றாகத் தாங்கின.

எதிர்வாதம், அதன் எல்லை

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் இருக்கிறது. ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பல், மார்க் ஹார்மன் உள்ளிட்டோர் 2012இல் வைத்தது. களைந்த இடத்தின் பலன் பத்துப் பதினைந்து ஆண்டுதான் நிற்கும், பிறகு மறுபடி வளர்ந்துவிடும். அந்தக் கெடுவுக்குள் குறிப்பிட்ட ஓர் ஏக்கரில் தீ வருவதற்கான வாய்ப்பு சிறியது. ஆகவே எரியப்போகும் ஒரு துண்டைக் காப்பாற்ற, எரியவே போகாத பல துண்டுகளிலிருந்து கார்பனை எடுத்தாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் நட்டம். உச்சித்தீயிலும் பெரும்பகுதித் தண்டு எரிவதில்லை என்பதை முன்பே பார்த்தோம். அதுவும் இவர்கள் பக்கம்தான் சேர்கிறது.

இந்தக் கூட்டலில் எனக்குக் குறை தெரியவில்லை. அதன் அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தில்தான் தெரிகிறது: எரிந்தாலும் காடு காலப்போக்கில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்பது. ஈரமான மேற்குக் கரையோரக் காடுகளுக்கு அது பொருந்தும். லாஸ் கான்சஸ் மலைக்குப் பொருந்தாது. காடு புதராக மாறிவிட்டால், அது 30 ஆண்டுக் கடனல்ல, நிரந்தர இழப்பு. தீயின் வாய்ப்பும் பழைய கணக்கில் நிற்கவில்லை. வெப்பம் ஏற ஏறத் தீப்பருவம் நீள்கிறது. மாத்யூ ஹர்டோ, மால்கம் நார்த் போன்ற காட்டு ஆய்வாளர்கள் அதனால்தான் அதிகபட்சக் கார்பனைத் துரத்தாமல், நிலையாக நிற்கக்கூடிய கார்பனைப் பாருங்கள் என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். ஆனால் கேம்பல் குழுவின் வாதத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: எல்லா ஏக்கரிலும் கை வைக்காதீர்கள்.

நிறுவனங்கள் தாங்கள் விடும் புகைக்கு ஈடாகக் காட்டில் சேரும் கார்பனுக்குப் பணம் தரும் ஏற்பாடுதான் கார்பன் சந்தை. அது இந்த விஷயத்தில் காட்டுக்கு நல்லது செய்யவில்லை. நிற்கும் மரத்தின் அளவுக்குப் பணம் தரும் முறையில், களைந்தால் வருமானம் குறையும். அடர்த்தியாக விட்டுவைத்தால் கூடும். தீக்கு எளிதாக இரையாகும் காட்டுக்கே பரிசு. பூட்லெக் தீயில் கலிபோர்னியா மாநிலத்தின் கார்பன் சந்தையில் இப்படி ஈடாகப் பதிவான காடும் எரிந்தது. இழப்பை ஈடுகட்டப் பொதுச் சேமிப்பு வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் சேமிப்பு பழைய தீ வாய்ப்பைக் கருதிப் போட்டது.

இதையெல்லாம் எல்லாப் பைனுக்கும் நீட்டிவிடக் கூடாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் லாட்ஜ்போல் பைன் நூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக எரிந்து முழுதாக முளைக்கும் காடு; 1988இல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தும் கன்றுகள் அடர்ந்து எழுந்தன. அங்கே போய்ச் சிறு மரத்தைக் களைவதில் பொருளில்லை. நம் கொடைக்கானல், நீலகிரிப் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து, பெரும்பாலும் மலைப்புல்வெளி மேல் நட்டவை. அங்கே கேள்வியே வேறு: அந்த மரம் அங்கே இருக்க வேண்டுமா என்பது.

அரிசோனாவுக்குத் திரும்புவோம். கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், வரிசை இப்படி இருக்கும். சாலையும் வீடும் இல்லாத உட்பகுதியில், மழைக்காலம் நெருங்கும் ஜூலையிலோ அதற்குப் பிறகோ பற்றும் மின்னல் தீயை விட்டுவிடலாம். மே, ஜூன் மாதக் காற்றில் பற்றுவதை அணைக்கத்தான் வேண்டும். முன்பே ஒருமுறை மிதமாக எரிந்த இடத்தில் திட்டத்தீ மட்டும் போதும், ரம்பம் தேவையில்லை. கிழமரங்கள் கூட்டமாக மிஞ்சியிருக்கும் இடங்களிலும், ஊர் ஓரங்களிலும், எரிந்துபோன பெரும்பரப்புக்குப் பக்கத்தில் விதைக்கு ஒரே ஆதாரமாக நிற்கும் துண்டுகளிலும் களைந்து எரிக்க வேண்டும். வெட்டும்போது தண்டின் தடிமனுக்கு மேல்வரம்பு வைத்து, பெரியதைத் தொடவே கூடாது. கட்டையை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று பெரிய மரத்தில் கை வைத்தால், காப்பாற்ற வந்த கார்பனையே விற்றதாகிவிடும். முதல் எரிப்பு இலையுதிர் காலத்தில், மட்கு கொஞ்சம் ஈரமாக இருக்கும்போது, பெரிய மரங்களின் அடியை வாரிய பிறகு.

இரண்டாவது எரிப்புக்கு 5 முதல் 10 ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும். முதல் சுற்றுக்குப் பணம் கிடைப்பது எளிது, செய்தியாளர்கள் வருவார்கள். இரண்டாம் சுற்றுக்கு யாரும் வருவதில்லை. 10,000 ஏக்கரில் ஒருமுறை செய்யும் அளவுக்குப் பணம் இருந்தால், 5,000 ஏக்கரை எடுத்துக்கொண்டு பாதிப் பணத்தை இரண்டாம் எரிப்புக்கென்று ஒதுக்கி வைப்பேன்.